கூகுள் குரோம் பீட்டா: போட்டுப் பார்த்தவர்கள் வந்து சொல்லுங்கள்

ஓ.எம்.ஆர். வாசி
3 செப்டம்பர் 2008, காலை 10.20

கூகுளின் புது இணைய உலாவி குரோம், பீட்டா எனும் சோதனைப் பதிப்பாக வெளியாகிவிட்டது. அமெரிக்காவில் செவ்வாய் மதியம் என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. இன்று விநாயகர் சதுர்த்தி விடுமுறை என்பதால் ஆபீஸ் ப்ராக்ஸி (இணையத்துக்குப் போகும் வழியில் நிற்கும் இடைச் சர்வர்) தொல்லை இல்லாமல் வீட்டு மெஷினிலேயே போட்டுப் பார்த்தேன். எக்ஸ்பி, 1 ஜிபி ராம், பிஎஸ்என்எல் டேட்டாஒன். பதிப்பு எண் 0.2.149.27. இப்போதைக்கு எக்ஸ்பி, விஸ்டா இரண்டுக்கும் மட்டும்தான். மேக், லினக்ஸ் நண்பர்கள் காத்திருக்க வேண்டும்.

திறந்ததும் தெரிவது அதன் வெறுமை. மெனு பார் இல்லை, தலைப்புப் பட்டை இருந்த இடத்தில் டேப்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே பெட்டி. புது டேப் திறந்தால் நாம் அடிக்கடி போகும் ஒன்பது தளங்கள் சின்னச் சின்னப் படங்களாக வருகின்றன. இதெல்லாம் பழக ஒரு பொழுது போதும்.

வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசத்தான் போகிறார்கள், பேசவும் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட வி8 என்ற எஞ்சினைப் புதிதாகவே எழுதியிருக்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் லார்ஸ் பாக் தலைமையில் நடந்த வேலை. ஸ்கிரிப்டை நேராக மெஷின் கோடாக மாற்றி ஓட்டுகிறது. ஜிமெயிலில் நீளமான உரையாடலைத் திறந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு. இங்கே டேப்கள் தனித்தனி ப்ராசஸ்களாக, அதாவது விண்டோஸின் கண்ணுக்குத் தனித்தனி ப்ரோகிராம்களாக ஓடுகின்றன. ஃப்ளாஷ் போன்ற ப்ளக்இன்களுக்கும் (உலாவியோடு சேர்ந்து ஓடும் துணை ப்ரோகிராம்கள்) தனி ப்ராசஸ். ஷிஃப்ட்டோடு எஸ்கேப் அழுத்தினால் உலாவிக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கிறது. எந்த டேப் எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு, எவ்வளவு நெட்வொர்க் எடுக்கிறது என்று பெயர் போட்டுக் காட்டுகிறது. கிரிக்கெட் ஸ்கோர், ஒரு வீடியோ, ஜிமெயில், இரண்டு நியூஸ் தளங்கள் என்று வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பட்டியலில் ஷாக்வேவ் ஃப்ளாஷ் என்ற வரியைத் தேர்ந்து எண்ட் ப்ராசஸ் கொடுத்தேன். வீடியோ இருந்த சதுரத்தில் மட்டும் சோக முகத்தோடு ஒரு ஜிக்சா துண்டு வந்து நின்றது. நியூஸ் தளத்தின் விளம்பரக் கட்டங்களிலும் அதே முகம். ஜிமெயிலில் பாதி அடித்து வைத்திருந்த மெயில் அலுங்காமல் அப்படியே இருந்தது. ஒரு ஃப்ளாஷ் விளம்பரம் மக்கர் செய்து மொத்த ஜன்னலையும் இழந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நியாயமாகச் சொன்னால், ஆகஸ்ட் 27 அன்று வந்த ஐஇ8 (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8) பீட்டா 2-லும் டேப்களைப் பிரித்து வைக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் ப்ளக்இன் வரைக்கும் பிரித்து, அதைப் பட்டியலாகப் பயனர் கையிலும் கொடுத்திருப்பது குரோம்தான்.

நாம் இப்போது எழுதுவதெல்லாம் அப்ளிகேஷன்கள். அதை ஏற்றுக்கொண்டு அடித்தளத்திலிருந்து கட்டிய உலாவி இது என்பது என் கருத்து. ஆகவே நம் ப்ராஜெக்ட்கள் இதில் ஓடுகின்றனவா என்று இப்போதே பார்க்க ஆரம்பிக்க வேண்டும். போட்டுப் பார்த்தவர்கள் மெஷின் விவரத்தோடு எழுதுங்கள். எது உடைந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.


மயிலை வாசகி
3 செப்டம்பர் 2008, பகல் 12.05

கூகுள் வலைப்பதிவில் அறிவிப்பை எழுதியவர்களின் பெயரைப் பார்த்தீர்களா? சுந்தர் பிச்சை, லைனஸ் அப்சன். சுந்தர் பிச்சை சென்னையில் வளர்ந்தவர், ஐஐடி கரக்பூரில் உலோகவியல் படித்தவர். எங்கள் வீட்டில் காலையில் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் டெக்னிக்கல் ரைட்டர். என்னை அசத்தியது அந்த 38 பக்கச் சித்திரக்கதை. ஸ்காட் மெக்ளவுட் வரைந்தது. வெளியீட்டுக்கு முன்பே தபாலில் கைக்குக் கிடைத்து, திங்கட்கிழமையே இணையத்தில் ஏறிவிட்டது. மெமரி எப்படித் துண்டு துண்டாகச் சிதறுகிறது, குப்பை சேகரிப்பு (வேண்டாத மெமரியை விடுவிப்பது) எப்படி நடக்கிறது என்பதையெல்லாம் அந்தந்த வேலையைச் செய்த இன்ஜினியர்களே பேசுவதுபோல் படம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு உலாவியின் டிசைன் டாகுமென்ட்டை மார்க்கெட்டிங் ஆட்களும் கடைசிப் பக்கம் வரை படித்ததை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.


அம்பத்தூர் ஜாவா
3 செப்டம்பர் 2008, மாலை 6.40

வேகம் உண்மைதான். ஆனால் புக்மார்க்குகளை ஒழுங்குபடுத்த ஒரு மேனேஜர் இல்லை, பிரிண்ட் ப்ரிவ்யூ இல்லை, ஆர்எஸ்எஸ் இல்லை, கூடுதல் வசதி சேர்க்கும் எக்ஸ்டென்ஷனும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் கோடின் பிழையைத் தேட உதவும் ஃபயர்பக் இல்லாமல் நான் வேலை செய்ய மாட்டேன். இன்ஸ்பெக்ட் எலிமென்ட் என்று வெப்கிட்டில் (குரோம் பக்கத்தை வரையப் பயன்படுத்தும் எஞ்சின்) வருவதைக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் ஃபயர்பக் அளவுக்குக் கை வரவில்லை. லேப்டாப் டச்பேடில் கீழே ஸ்க்ரோல் ஆகிறது, மேலே போக மாட்டேன் என்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகிறதா?


தரமணி டெஸ்டர்
3 செப்டம்பர் 2008, இரவு 9.15

டச்பேட் பிரச்சினை எனக்கும் இருக்கிறது. மவுஸ் வைத்தால் சரியாகிவிடுகிறது. நிறையப் பேர் ஏற்கனவே குரோமின் பிழைப் பட்டியலில் பக் போட்டிருக்கிறார்கள், புதிதாகப் போட வேண்டாம். இருப்பதற்கே நட்சத்திரம் குத்துங்கள்.


பெருங்குடி அட்மின்
4 செப்டம்பர் 2008, காலை 11.30

உங்கள் உற்சாகம் புரிகிறது. என் பக்கத்தையும் கேளுங்கள்.

இன்று காலை ப்ராக்ஸி லாகைத் திறந்தால் புது யூசர் ஏஜென்ட் (உலாவி தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) ஒன்று வரிசையாக வருகிறது. மொசில்லா, ஆப்பிள்வெப்கிட், கேஹெச்டிஎம்எல், கெக்கோ, குரோம், சஃபாரி என்று ஊரில் உள்ள எல்லாப் பெயரும் அதற்குள் இருக்கிறது. யாருக்கும் அட்மின் உரிமை கிடையாது, ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எழுத முடியாது. பிறகு எப்படிப் போட்டார்கள் என்று ஒரு சீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். டாகுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், பயனர் பெயர், லோக்கல் செட்டிங்ஸ், அப்ளிகேஷன் டேட்டா, கூகுள், குரோம் என்று பயனரின் சொந்த ப்ரொஃபைலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அட்மின் பாஸ்வேர்டே கேட்கவில்லை.

எங்கள் ஃப்ளோரில் ஷிஃப்ட் சீட்கள். ஒரு மெஷினில் காலையில் ஒருவர், மதியம் ஒருவர், இரவில் ஒருவர். மூவரும் போட்டால் ஒரே டிஸ்கில் மூன்று குரோம். இதோடு கூகுள்அப்டேட் என்று ஒரு ப்ராசஸ் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்போது எந்தப் பதிப்பை இறக்கும் என்பது என் கையில் இல்லை. எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து தள்ள எம்எஸ்ஐ கிடையாது, கட்டுப்படுத்த க்ரூப் பாலிசி கிடையாது. நாளைக்கு ஆடிட்டர் வந்து எந்தெந்த மெஷினில் எந்தப் பதிப்பு என்று கேட்டால் நான் என்ன காட்டுவேன்?

இன்னொன்று. அந்த ஒற்றைப் பெட்டியில் அடிக்கும் எழுத்துகள், பரிந்துரை காட்டுவதற்காகத் தேடுபொறிக்குப் போகின்றன. நம் ஆட்கள் அதே பெட்டியில்தான் இன்ட்ராநெட் சர்வர் பெயரையும் அடிக்கிறார்கள். க்ளையன்ட் பெயரில் சர்வருக்குப் பெயர் வைத்திருக்கும் ப்ராஜெக்ட்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஆப்ஷன்ஸில் பரிந்துரையை அணைக்க வழி இருக்கிறது. போட்டே தீருவேன் என்பவர்கள் அதை முதலில் அணையுங்கள். ஆபீஸ் மெஷின்களில் இப்போதைக்கு வேண்டாம் என்று மெயில் அனுப்பிவிட்டேன்.


ஓ.எம்.ஆர். வாசி
4 செப்டம்பர் 2008, பகல் 1.10

அட்மின் சார், இன்ட்ராநெட் பெயர் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. நீங்கள் சொல்வது முழுக்க சரி. எங்கள் டீமுக்கும் சொல்லிவிட்டேன்.

தானாக அப்டேட் ஆவதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. ஐஇ6 வந்தது 2001-ல். ஏழு வருடம் கழித்தும் அதற்கு நாம் கோடு எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணம், உலாவியைப் புதுப்பிப்பது ஒரு தனி ப்ராஜெக்ட்டாக, தனி அப்ரூவலாக ஆகிப்போனதுதான். வீட்டுப் பயனர்களுக்காவது அது கேட்காமல் நடக்கட்டும். அலுவலகங்களுக்குத் தனி வழி வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.


புது பெஞ்ச்
4 செப்டம்பர் 2008, மாலை 4.25

அண்ணா, ஒரு சந்தேகம். நான் ட்ரெய்னிங் முடித்து இப்போதுதான் பெஞ்சில் (ப்ராஜெக்ட்டுக்காகக் காத்து) இருக்கிறேன். என் வீட்டு மெஷினில் 512 எம்பி ராம்தான். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் குரோம் என்ற பெயர் ஆறேழு தடவை வருகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் ஃபயர்ஃபாக்ஸைவிட அதிகமாக இருக்கிறது. தனித்தனி த்ரெட்டாக வைத்தால் போதாதா? எதற்குத் தனி ப்ராசஸ்? இதற்காக ரிச்சி ஸ்ட்ரீட் போய் ராம் வாங்க வேண்டுமா?


தரமணி டெஸ்டர்
4 செப்டம்பர் 2008, இரவு 8.50

தம்பி, நல்ல கேள்வி. உட்கார்ந்து பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

த்ரெட்கள் எல்லாம் ஒரே ப்ராசஸின் மெமரியைப் பகிர்ந்துகொள்பவை. ஒன்று தப்பான இடத்தில் எழுதிவைத்தால் மொத்தமும் விழும். ஒரே மீட்டரில் ஓடும் ஒண்டுக்குடித்தன வீடு மாதிரி. யார் போர்ஷனில் ஹீட்டர் ஷார்ட் ஆனாலும் எல்லோருக்கும் கரண்ட் போகும். குரோம் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர் வைத்திருக்கிறது. தனி மீட்டருக்குச் செலவு உண்டு, அதுதான் நீ பார்க்கும் கூடுதல் மெமரி.

இதை நீயே செய்து பார்க்கலாம். நாலைந்து டேப் திறந்து வை. ஒன்றின் முகவரிப் பெட்டியில் அபவுட், முக்காற்புள்ளி, க்ராஷ் என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து என்ட்டர் தட்டு. சோதனைக்கென்றே வைத்திருக்கும் முகவரி அது. அந்த டேப் மட்டும் விழுந்து சோக முகம் காட்டும். மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். சரி, இப்போது ஏதாவது முக்கியமாக அடித்துக்கொண்டிருந்தால் சேமித்துவிட்டு, அதே பெட்டியில் ஒரு முக்காற்புள்ளியும் அடுத்து சதவீதக் குறியும் அடி. குரோமே மொத்தமாகப் போய்விடும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசி. முதலாவதில் விழுந்தது பக்கத்தை வரையும் ரெண்டரர் ப்ராசஸ். அது டேபுக்குச் சொந்தம். இரண்டாவதில் விழுந்தது முகவரிப் பெட்டியைக் கவனிக்கும் தாய் ப்ராசஸ். ஜன்னல், பெட்டி, டவுன்லோட் எல்லாம் அதன் பொறுப்பு. அது போனால் பிள்ளைகள் எல்லாம் போகும். கட்டட வரைபடம் பார்க்காமலே எது எங்கே இருக்கிறது என்று இந்த இரண்டு சோதனையும் காட்டிவிடும். இரண்டாவது உண்மையான பக், பலரும் ரிப்போர்ட் செய்துவிட்டார்கள்.

மெமரிக்கு வருகிறேன். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் கூட்டிப் பார்ப்பது தப்பான கணக்கு. ப்ராசஸ்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பகுதியை அங்கே ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்ப எண்ணிவிடுகிறாய். க்ராஷ் என்பதற்குப் பதில் மெமரி என்று போட்டால் ஒரு பக்கம் வரும், பகிர்ந்தது தனியாக, சொந்தமானது தனியாகப் பிரித்துக் காட்டும். கூடவே ஓடிக்கொண்டிருக்கும் மற்ற உலாவிகளின் கணக்கையும் காட்டும். அதில் பார்த்தாலும் குரோம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நாள் முழுக்க டேப்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்துவிட்டு மாலையில் பார். டேபை மூடியதும் அதன் ப்ராசஸ் செத்துவிடுவதால் அது வைத்திருந்த மெமரி சிதறாமல் விண்டோஸுக்குத் திரும்பிவிடும். ஒரே ப்ராசஸில் ஓடும் உலாவிகளில் அப்படித் திரும்பாது. ஃபயர்ஃபாக்ஸ் 3-ல் ஜேஇமாலோக் என்ற மெமரி ஒதுக்கும் நிரலைப் போட்டு அந்தச் சிதறலைக் குறைத்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ராம் இதற்காக வாங்காதே. கோடு எழுத எக்லிப்ஸ் ஓட்டப்போகிறாய் அல்லவா, அதற்காக வாங்கு.


புது பெஞ்ச்
4 செப்டம்பர் 2008, இரவு 10.05

இரண்டையும் செய்து பார்த்தேன் அண்ணா. ட்ரெய்னிங்கில் ப்ராசஸ், த்ரெட் என்று படித்தபோது புரியாதது இப்போது புரிந்தது. நன்றி.


கோட்டைச்சுவர்
5 செப்டம்பர் 2008, காலை 9.45

பாதுகாப்புப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. ரெண்டரர் ப்ராசஸை வெறுமனே பிரித்ததோடு விடவில்லை, அதன் உரிமைகளையும் பிடுங்கியிருக்கிறார்கள். பக்கத்தை வரையும் ப்ராசஸால் டிஸ்கில் எழுத முடியாது, ஃபைலைத் தானாகத் திறக்க முடியாது. எதுவாக இருந்தாலும் தாய் ப்ராசஸிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வெப்கிட்டில் ஓட்டை இருந்து ஒரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டாலும், மெஷினைப் பிடிக்க இன்னொரு சுவரைத் தாண்ட வேண்டும். என் துறையில் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான்.

இதில் இரண்டு இடைவெளிகள் உண்டு. ப்ளக்இன்கள் இந்தச் சுவருக்கு வெளியே, பயனரின் முழு உரிமையோடு ஓடுகின்றன. ஆகவே ஃப்ளாஷில் ஓட்டை என்றால் பழைய கதைதான். அடுத்தது நம் ஊருக்கு முக்கியமானது. எழுதும் உரிமையைத் தடுக்கும் வேலை விண்டோஸின் ஃபைல் அனுமதிகளை நம்பித்தான் நடக்கிறது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் அனுமதிகள் உண்டு, பழைய ஃபேட்32 முறையில் கிடையாது. அசெம்பிள் செய்து வாங்கிய வீட்டு மெஷின்களில் டி, இ டிரைவ்களைப் பழைய பழக்கத்தில் ஃபேட்32-ல் போட்டு வைத்திருப்பார்கள். மை கம்ப்யூட்டரில் டிரைவ் மேல் ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். ஃபேட்32 என்று இருந்தால் பேக்கப் எடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளியான மறுநாளே ஒரு குறையும் காட்டிவிட்டார்கள். குரோம் எடுத்திருக்கும் வெப்கிட் கொஞ்சம் பழையது, 525.13. ஆப்பிள் ஜூனில் சஃபாரி 3.1.2 மூலம் சரிசெய்த கார்பெட் பாமிங் பிரச்சினை இதில் அப்படியே இருக்கிறது. ஒரு தளம் கேட்காமலே ஃபைலை இறக்கிவிடும், கீழே இருக்கும் டவுன்லோட் பட்டையில் பயனர் தெரியாமல் ஒரு க்ளிக் செய்தால் ஜாவா ஃபைல் ஓடிவிடும். ஆப்ஷன்ஸில் ஒவ்வொரு ஃபைலையும் எங்கே சேமிப்பது என்று கேட்கச் சொல்லும் டிக் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள். புது வீட்டுக்குப் பழைய செங்கல் எடுத்தது எனக்கு வருத்தம்தான், ஆனால் கட்டிய விதம் சரியானது என்பதில் சந்தேகமில்லை.


மயிலை வாசகி
5 செப்டம்பர் 2008, காலை 10.30

லைசென்ஸ் விஷயமும் பதிவாகட்டும். முதல் நாள் இன்ஸ்டால் செய்தவர்கள் ஒத்துக்கொண்ட ஒப்பந்தத்தில் 11-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நாம் சமர்ப்பிக்கும், காட்டும் எந்த உள்ளடக்கத்தையும் நகலெடுக்க, மாற்ற, வெளியிட, விநியோகிக்க கூகுளுக்கு நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத உரிமை என்று எழுதியிருந்தார்கள். உலாவி வழியாகத்தான் எல்லாவற்றையும் எழுதுகிறோம் என்னும்போது இது சாதாரண வரி இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு நாளிலேயே மாற்றிவிட்டார்கள். கூகுளின் மற்ற சேவைகளுக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியதால் வந்தது என்று விளக்கம் சொன்னார்கள். இப்போதைய பிரிவு, உங்கள் உள்ளடக்கத்தின் உரிமை உங்களுடையதே என்று சொல்கிறது.

38 பக்கம் அவ்வளவு பொறுமையாக விளக்கியவர்கள், சட்டப்படி கையெழுத்து வாங்கும் பக்கத்தைப் படித்துப் பார்க்காமல் விட்டது எனக்கு உறுத்துகிறது. எல்லோரும் படியுங்கள். இலவசம் என்பதற்காக அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள்.


அம்பத்தூர் ஜாவா
5 செப்டம்பர் 2008, மாலை 5.20

எங்கள் ப்ராஜெக்ட்டைத் திறந்து பார்த்தேன். வெளிநாட்டு வங்கி ஒன்றின் உள் அப்ளிகேஷன், பெயர் வேண்டாம். லாகின் பக்கத்திலேயே ஐஇ6 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று தடுத்துவிட்டது. அந்தச் சோதனையை லோக்கலில் எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே மெனுவே வரவில்லை.

தோண்டிப் பார்த்ததில் பழைய மெனு ஸ்கிரிப்ட். டாகுமென்ட்.ஆல் இருக்கிறதா என்று கேட்கிறது. இருந்தால் ஐஇ வழி. இல்லையென்றால் டாகுமென்ட்.லேயர்ஸ், அதாவது நெட்ஸ்கேப் 4 வழி. மூன்றாவதாக ஓர் உலாவி வரும் என்றே எழுதியவர் நினைக்கவில்லை. க்ளிக் போன்ற நிகழ்வுகளையெல்லாம் ஐஇக்கே உரிய அட்டாச்இவென்ட் மூலம் மாட்டியிருக்கிறார்கள், வெப்கிட்டில் அது கிடையாது. அஜாக்ஸ் கோரிக்கைக்கு (பக்கத்தை மறுபடி ஏற்றாமல் சர்வரிடம் தரவு கேட்பது) ஐஇயில் மட்டும் ஓடும் ஆக்டிவ்எக்ஸ் ஆப்ஜெக்டை உருவாக்குகிறது. எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் என்று ஐஇ7-லேயே நேரடியாக இருப்பதைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் மாற்ற எனக்குத் தெரியும். யார் பணம் கொடுப்பார்கள்? க்ளையன்ட்டின் ஊழியர்கள் அத்தனை பேரும் ஐஇ6-ல் இருக்கிறார்கள். புது உலாவிக்காக எஸ்டிமேட் போட்டுக்கொண்டு போனால் க்ளையன்ட் இடத்தில் இருக்கும் ஆன்சைட் லீட் முதல் வரியிலேயே அடித்துவிடுவார்.


ஓ.எம்.ஆர். வாசி
5 செப்டம்பர் 2008, இரவு 7.00

குரோமுக்காக என்று எஸ்டிமேட் போடாதீர்கள். நீங்கள் பட்டியலிட்ட மூன்றும் ஃபயர்ஃபாக்ஸிலும் உடையும், சஃபாரியிலும் உடையும். நெறிமுறைப்படி எழுதினால் எல்லாவற்றிலும் ஓடும். ஃபயர்ஃபாக்ஸ் 3 ஜூன் 17 அன்று வந்தபோது ஒரே நாளில் 80 லட்சம் முறைக்கு மேல் இறக்கினார்கள். அவர்களில் உங்கள் க்ளையன்ட்டின் வாடிக்கையாளர்களும் இருப்பார்கள். இன்று உள் அப்ளிகேஷன் என்பது அடுத்த வருடம் வாடிக்கையாளர் போர்ட்டலாகும், அதே மெனு ஸ்கிரிப்டைத்தான் யாராவது எடுத்து ஒட்டுவார்கள்.

தனி வேலையாகக் கேட்டால் கிடைக்காது. எந்த ஸ்க்ரீனுக்கு சேஞ்ச் ரிக்வெஸ்ட் வருகிறதோ, அந்த ஸ்க்ரீனைத் தொடும்போதே சுத்தம் செய்துவிடுங்கள். ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் போட்டால் நிகழ்வு மாட்டுவது, அஜாக்ஸ் இரண்டும் உலாவிக்கு உலாவி மாறாது. ஐஇ6-லும் ஓடும் என்பதால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.


வேளச்சேரி வலைப்பதிவர்
6 செப்டம்பர் 2008, காலை 8.30

தமிழ் எப்படித் தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பகலில் ஜாவா, இரவில் வலைப்பதிவு என்று இருப்பவன் நான்.

யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான குறியேற்றம்) பக்கங்கள் ஒழுங்காகத் தெரிகின்றன. எக்ஸ்பியில் ரீஜனல் ஆப்ஷன்ஸுக்குள் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவை நிறுவியிருக்க வேண்டும், அதற்கு எக்ஸ்பி சிடி கேட்கும். அது இல்லையென்றால் எந்த உலாவியிலும் கட்டம் கட்டமாகத்தான் வரும், குரோமைக் குறை சொல்லாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2-ல் ஜஸ்டிஃபை செய்த பதிவுகளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தமிழ் உதிர்ந்து கிடந்ததையும், அதற்குப் பயந்து வார்ப்புருவை மாற்றியதையும் பதிவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 3-ல்தான் அது சரியானது.

பிரச்சினை வேறிடத்தில். தமிழ் நாளிதழ்களின் தளங்கள் பல இன்னும் யூனிகோடுக்கு வரவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். பக்கத்தோடு எழுத்துருவைத் தானாக இறக்கும் ஈஓடி வித்தை ஐஇயில் மட்டும் வேலை செய்யும். ஃபயர்ஃபாக்ஸில் அந்தத் தளங்களைப் படிக்கப் பத்மா எக்ஸ்டென்ஷன் கைகொடுக்கிறது, பழைய குறியேற்றத்தை அந்த இடத்திலேயே யூனிகோடாக மாற்றிவிடும். குரோமில் எக்ஸ்டென்ஷனுக்கே இடமில்லை. ஆகவே காலைச் செய்தி படிக்கப் போனால் தலையில் புள்ளியும் கொக்கியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டுகிறது.

என் அப்பா காலையில் காபியோடு இரண்டு நாளிதழ் தளம் பார்ப்பார். அவரிடம் இதைக் கொடுக்க முடியாது. குரோம் எக்ஸ்டென்ஷன் தரட்டும், கேட்போம். ஆனால் அதைவிட, அந்தத் தளங்களில் வேலை செய்யும் நண்பர்கள் இங்கே இருந்தால் அவர்களிடம்தான் என் வேண்டுகோள்: யூனிகோடுக்கு மாறுங்கள். இப்போது இருக்கும் நிலையில் உங்கள் செய்தி எதுவும் தேடலில் அகப்படாது. இன்று காலை நீங்கள் எழுதியதை நாளை மறுநாள் ஒருவர் தமிழில் தட்டித் தேடினால் கிடைக்காது. வருடக்கணக்கான தமிழ் எழுத்து இப்படித் தேட முடியாமல் கிடக்கிறது என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.


பெருங்குடி அட்மின்
9 செப்டம்பர் 2008, பகல் 2.15

பதிப்பு 0.2.149.29 வந்துவிட்டது. டெஸ்டர் சொன்ன முக்காற்புள்ளி சதவீதக் குறி க்ராஷ் போய்விட்டது. நீளமான தலைப்புள்ள பக்கத்தைச் சேமிக்கும்போது இருந்த ஆபத்தான ஓட்டையையும் அடைத்திருக்கிறார்கள். என் சோதனை மெஷினில் நான் எதையும் தொடவில்லை, மூடித் திறந்தபோது புதிதாக இருந்தது.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். ஐஇ பேட்ச் ஒன்றை ஃப்ளோர் முழுக்கத் தள்ளி, விட்டுப்போன மெஷின்களைத் தேடிப்பிடித்து முடிக்க எங்களுக்கு எவ்வளவு நாளாகிறது என்று எனக்குத் தெரியும். ஓட்டை தெரிந்து ஒரு வாரத்துக்குள் எல்லா வீட்டிலும் அடைபடுவது நல்லதுதான். நிர்வகிக்க எனக்கு ஒரு வழி கொடுத்தால் நானும் அனுமதிப்பேன். அது வரைக்கும் ஆபீஸ் மெஷின்களில் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. டெஸ்டிங் டீமுக்கு மட்டும், தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்), கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.


தரமணி டெஸ்டர்
12 டிசம்பர் 2008, காலை 11.00

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். நேற்று பீட்டா முத்திரையை எடுத்துவிட்டார்கள், இப்போது 1.0. புக்மார்க் மேனேஜர் வந்துவிட்டது. எக்ஸ்டென்ஷன், மேக், லினக்ஸ் மூன்றும் இன்னும் இல்லை.

எங்கள் டெஸ்ட் மேட்ரிக்ஸில் குரோமுக்கு ஒரு வரி சேர்த்தாகிவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கும் முழு ரிக்ரஷனுக்கு அனுமதி கிடைக்கவில்லை, மேலோட்டமான ஸ்மோக் டெஸ்ட் மட்டும். போன மாதம் நிஷா புயல் மழையில் ஆபீஸ் வர முடியாதபோது வீட்டிலிருந்தே பாதியை முடித்தேன். சஃபாரி 3.1-ல் தேறிய ஸ்க்ரீன்கள் ஏறக்குறைய எல்லாமே குரோமிலும் தேறுகின்றன. விழுந்தவற்றில் பெரும்பாலானவை யூசர் ஏஜென்ட் பெயரைப் பார்த்து முடிவெடுக்கும் பழைய கோடு.


அம்பத்தூர் ஜாவா
12 டிசம்பர் 2008, மாலை 6.10

வாசி சொன்ன வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். சேஞ்ச் ரிக்வெஸ்ட் வந்த ஸ்க்ரீன்களில் அட்டாச்இவென்ட், ஆக்டிவ்எக்ஸ் எல்லாம் எடுத்தாகிவிட்டது. லாகின் தடையை எச்சரிக்கையாக மாற்றவும் ஆன்சைட் லீட் ஒத்துக்கொண்டார். இப்போது மாட்டிக்கொண்டு நிற்பது ஷோமோடல்டயலாக். வாடிக்கையாளரைத் தேடித் தேர்ந்தெடுக்கும் பாப்அப் முழுக்க அதை நம்பி இருக்கிறது. எதைக் கொண்டு மாற்றினீர்கள்?


ஓ.எம்.ஆர். வாசி
12 டிசம்பர் 2008, இரவு 8.35

ஜேக்வெரி யுஐ டயலாக். தோற்றத்தை மாற்றுவது எளிது, கோடில்தான் கவனம் வேண்டும். ஷோமோடல்டயலாக் கூப்பிட்டால் பாப்அப் மூடும் வரை அடுத்த வரி ஓடாது, தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர் எண் நேராகத் திரும்பி வரும். டயலாக் அப்படி நிற்காது, அடுத்த வரி உடனே ஓடிவிடும். ஆகவே அந்த அழைப்புக்குக் கீழே இருக்கும் வரிகளையெல்லாம் வெட்டி, ஓகே பட்டன் கால்பேக்குக்குள் (பட்டனை அழுத்தியதும் ஓடும் ஃபங்ஷன்) கொண்டுபோய் வையுங்கள். ஒரு ஃபங்ஷனுக்குள் இரண்டு பாப்அப் அடுத்தடுத்து வரும் இடம் இருந்தால் அதை முதலில் எடுத்துச் செய்யுங்கள், நேரம் போவது அங்கேதான். ஐஇ6-ல் டயலாகுக்கு மேல் செலக்ட் பெட்டிகள் துருத்திக்கொண்டு தெரியும். பிஜிஐஃப்ரேம் ப்ளக்இன் சேர்த்துவிடுங்கள், மறைந்துவிடும்.